மர எழுத்துக்கு வழக்கமில்லாத ரவுட்டர் பிட்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்க 60 டிகிரி வி-பிட் (கூம்பு முனையோடு சுழன்று வெட்டும் பிட்) ஒன்றும் 90 டிகிரி வி-பிட் ஒன்றும் இருந்தால் காலத்தை ஓட்டிவிடலாம். கணினி சொல்லும் பாதையில் வெட்டும் சிஎன்சி மெஷின் உள்ள பெரும்பாலான பட்டறைகளில் அப்படித்தான் ஓடுகிறது. ஒரே மாதிரி வெட்டி அலுத்துப்போனவர்களுக்குத்தான் கண் டப்பாவில் கிடக்கும் மற்ற பிட்டுகள் மேல் போகும். மேசை விளிம்பை உருட்ட வாங்கிய ரவுண்ட்ஓவர், இழுப்பறை மூட்டுக்கு வாங்கிய டவ்டெயில், பலகையைச் சுவரில் மாட்ட வாங்கிய கீஹோல், சர்க்யூட் போர்டு செதுக்கும் ஊசிமுனை பிட், அக்ரிலிக் வெட்டும் ஒற்றைப் பல் பிட், பல் மருத்துவரின் பர் என்னும் குடையும் முனை. இவற்றில் எழுத்து செதுக்கினால் சில அருமையாக வரும், சில பலகையைக் கெடுக்கும். கெடும்போது எங்கே பார்ப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி பிட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதிக்குப் பிட் காரணம் அல்ல. மென்பொருளில் பதிந்து வைத்திருக்கும் பிட்டின் வடிவம் ஒன்று, ஸ்பிண்டிலில் (பிட்டைச் சுழற்றும் தண்டில்) நிற்கும் பிட்டின் வடிவம் வேறொன்று. வி-பிட்டில் இந்த வித்தியாசம் கொஞ்சமாக இருப்பதால் கண்ணில் படாது. மற்ற பிட்டுகளில் அது எழுத்தையே மாற்றிவிடும்.

அதனால் எந்தப் புது பிட்டுக்கும் முதல் வேலை சோதனைக் கோடு. நீங்கள் செதுக்கப்போகும் அதே மரத்தின் துண்டை எடுத்து, மேற்பரப்பைத் தட்டையாக இழைத்து, 1, 2, 3, 4 மி.மீ. ஆழங்களில் ஒவ்வொரு நேர்க்கோடு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் வாய் அகலத்தையும் காலிப்பரால் அளந்து, பிட் டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். கீழே பல இடங்களில் இந்த அளவுகள் தேவைப்படும். பிட் தயாரித்தவர் கொடுத்த வரைபடத்தை நம்பி இதைத் தவிர்க்காதீர்கள். மலிவான பிட்டுகளில் வரைபடமும் பிட்டும் ஒத்துப்போவது அதிர்ஷ்டம்.

எழுத்து முழுவதும் ஒரே சீராகத் தடித்துவிட்டது, அல்லது மெலிந்துவிட்டது

பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எல்லா எழுத்தும் ஒரே அளவு தப்பியிருந்தால், தவறு கோணத்தில், முனையில், அல்லது இசட் ஜீரோவில் (பிட் முனை பலகையைத் தொடும் உயரமாக மெஷினுக்குச் சொல்வது).

கோணத்தை முதலில் பாருங்கள். 60 டிகிரி பிட் 6 மி.மீ. அகலக் கோடு வெட்ட 5.2 மி.மீ. இறங்க வேண்டும். பிட் உண்மையில் 58 டிகிரியாக இருந்தால் அதே ஆழத்தில் 5.76 மி.மீ.தான் கிடைக்கும். கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 'ஞ', 'ஜ' மாதிரி எழுத்துகளில் கோடு எவ்வளவு மெலிகிறதோ, அந்த அளவுக்குச் சுழியின் உட்பக்கம் பெருக்கிறது. பக்கத்து எழுத்தோடு ஒப்பிட்டால் அது துருத்திக்கொண்டு தெரியும்.

சர்க்யூட் போர்டு பிட்டுகளில் இன்னொரு கூத்து. சிலர் 30 டிகிரி என்பதை முழுக் கோணமாகவும், சிலர் ஒரு பக்கத்துக் கோணமாகவும் அச்சடித்து விற்கிறார்கள். சோதனைக் கோட்டில் 3 மி.மீ. ஆழத்தைப் பாருங்கள். அகலம் 1.6 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் முழுக் கோணம் 30. 3.5 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் அது உண்மையில் 60 டிகிரி பிட்.

அடுத்தது முனை. 'கூர்முனை' என்று விற்கும் பல பிட்டுகளில் முனை மழுங்கலாகத் தட்டையாக இருக்கும். தட்டை 0.5 மி.மீ. என்றால், மென்பொருளுக்கு அதைச் சொல்லாதபோது எல்லாக் கோடும் அரை மி.மீ. தடித்து வரும். பென்சிலை வெள்ளைத் தாளில் குத்திப் பார்ப்பதுபோல் முனையை மை தொட்டுத் தாளில் ஒற்றினால் தட்டை தெரிந்துவிடும்.

இசட் ஜீரோவைத் தாளை வைத்துத் தொட்டு எடுப்பவர்கள் தாளின் தடிமனான 0.1 மி.மீ.யைக் கழிக்க மறக்கக் கூடாது. ஆனால் தவறு 0.1 அளவில்தான் இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரு கோடியில் சரியாக இருக்கிறது, மறு கோடியில் தடித்துவிட்டது

இது பலகை தட்டையாக இல்லாததன் அடையாளம். வி-பிட் பழகியவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வழக்கமில்லாத பிட்டுகள் இந்தக் கோளாறை எப்படிப் பெரிதாக்குகின்றன, எப்படி மறைக்கின்றன என்பது இங்கே முக்கியம்.

பலகை அரை மி.மீ. தூக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி பிட்டில் கோடு 0.27 மி.மீ. தடிக்கும். 60 டிகிரியில் 0.58. 90 டிகிரியில் முழுசாக 1 மி.மீ. அதாவது சிறு எழுத்துக்கும் வளைந்த மரத்துக்கும் குறுகிய கோணமே நண்பன்.

முனையோடு இறங்கும் ரவுண்ட்ஓவர் பிட்டில் கணக்கு வேறு. இது வெட்டும் பள்ளம் அடியில் குறுகி, மேலே போகப்போக இருபக்கமும் உருண்டு விரியும். ஆரம் 6 மி.மீ. உள்ள பிட்டை எடுங்கள், முனைத் தட்டையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். 3 மி.மீ. ஆழத்தில் வாய் அகலம் வெறும் 1.6 மி.மீ. 4.8 ஆழத்தில் 4.8. 5.5 ஆழத்தில் 7.2. 6 மி.மீ. முழு ஆழத்தில் 12. கடைசி அரை மில்லிமீட்டர் மட்டும் அகலத்தில் ஏறக்குறைய 5 மி.மீ. சேர்க்கிறது! அந்த முழு ஆழத்தை நெருங்கி எழுத்து செதுக்க நினைத்தால், பலகை ஒரு தாள் தடிமன் தூக்கியிருந்தாலும் எழுத்து அங்கே பெருத்துவிடும், இறங்கியிருந்தால் சுருங்கிவிடும். ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆழத்தோடு நிறுத்துங்கள். உருண்ட விளிம்பின் அழகும் கிடைக்கும், எழுத்தின் தடிமனும் கைக்குள் நிற்கும்.

கோர் பாக்ஸ் என்கிற உருண்டை அடி பிட் இதற்கு நேர் எதிர். ஆரம் 3 மி.மீ. என்றால் அரை மி.மீ. இறங்கியதுமே வாய் 3.3 மி.மீ. ஆகிவிடும். 2 மி.மீ.யில் 5.7. 3 மி.மீ.யில் 6. ஆழமாகப் போகப்போக அகலம் மாறுவதே இல்லை. பழைய கதவுப் பலகையிலோ முறுக்கிய மாமரப் பலகையிலோ எழுத்து வெட்ட வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். பலகை ஏறி இறங்கினாலும் எழுத்தில் தெரியாது. ஆழத்தில் தெரியும், ஆனால் ஆழத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

பலகை நேற்று தட்டை, இன்று வளைவு என்றால் மரத்தின் ஈரம்தான் காரணம். இழைத்த அன்றே செதுக்கிவிடுங்கள்.

சுழியின் ஒரு பக்கம் கண்ணாடி, எதிர்ப்பக்கம் பிசிர்

தமிழ் எழுத்தில் அதிகம் வரும் புகார் இதுதான், காரணமும் எளிது. பெயர்ப்பலகையில் எழுத்துகள் பலகையின் நீளவாக்கில் வரும், மரத்தின் நாரும் அதே வாக்கில் ஓடும். சுழியைச் சுற்றி வரும் பிட் ஒரே சுற்றில் நாருக்கு இணையாகவும், குறுக்காகவும், சாய்வாக அதோடு ஒத்தும், சாய்வாக எதிர்த்தும் போகிறது. எதிர்த்துப் போகும் இரண்டு கால்வட்டங்களில் நார் வெட்டுப்படாமல் தூக்கப்படும். அதனால்தான் பிசிர் எப்போதும் எதிரெதிர் மூலைகளில் வருகிறது. கவனித்துப் பாருங்கள், பலகையில் உள்ள எல்லாச் சுழியிலும் ஒரே மூலைகளாகத்தான் இருக்கும். அப்படி இல்லாமல் சுழி முழுவதும் பிசிர் என்றால் பிட் மழுங்கிவிட்டது, மேலே படிக்க வேண்டாம், பிட்டை மாற்றுங்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்பிண்டில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. பிட் போகும் திசையில் பார்த்தால், பள்ளத்தின் இடது சுவரில் பல் முன்னோக்கி எதிர்த்து வெட்டுகிறது, வலது சுவரில் பின்னோக்கி ஒத்து வெட்டுகிறது. ஆகவே இரண்டு சுவரும் ஒரே தரத்தில் வராது. மருந்து எளிது: முதல் வெட்டை 0.2 மி.மீ. மேலேயே நிறுத்துங்கள், பிறகு அதே பாதையை எதிர்த்திசையில் முழு ஆழத்துக்கு ஓட்டுங்கள். இப்போது சுவர்களின் வேலை இடம் மாறும், எடுக்க வேண்டிய மரமும் மெல்லிய தோல் அளவுதான். நேரம் கூடும். விலை கொடுத்து வாங்கும் பலகைக்கு அது நியாயமான நேரம்.

பிட் வாரியாகச் சொன்னால், அக்ரிலிக்குக்கான ஒற்றைப் பல் பிட் இங்கே எதிர்பாராத அளவு நன்றாக வேலை செய்யும். பல் கூர்மை அதிகம், தூள் வெளியேற இடம் தாராளம். ஆனால் அது தூளை மேலே இழுக்கும் வகை என்றால் மேல் விளிம்பையும் சேர்த்துத் தூக்கும். செதுக்குவதற்கு முன் பலகையில் அரக்குப் பாலிஷ் அல்லது சாண்டிங் சீலர் ஒரு கோட் அடித்துக் காயவிட்டால் மேல் நார்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மக்காச்சோளக் கதிர்போல உடம்பெல்லாம் பல் உள்ள பர் பிட் வேறு வகை. பெரிய சிராய் பெயராது, ப்ளைவுட்டின் மேல் தோல்கூடப் பிழைத்துக்கொள்ளும். பதிலாக, சுவர் முழுக்க மெல்லிய பஞ்சு மாதிரி பிசிர் விடும். இதைச் செதுக்கும் பிட்டாக நினைக்காமல், அகலப் பின்னணியைக் காலி செய்யும் பிட்டாக மட்டும் வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. வைரத்தூள் பூசிய பர்களை மரத்துக்கு எடுக்கவே வேண்டாம். அவை வெட்டுவதில்லை, தேய்த்துக் கருக்கும்.

சுழிக்குள் நிற்கும் மரம் உடைந்து பறக்கிறது. 'ண' எழுத்தின் நடுச் சுவர் காணாமல் போகிறது

'ண', 'ணை', 'ன' இவற்றில் செங்குத்துக் கோடுகள் நெருங்கி நிற்கும். இரண்டு செங்குத்துப் பள்ளங்களுக்கு நடுவில் மிஞ்சும் மெல்லிய சுவரில் நார் சுவரின் நீளத்துக்கு ஓடாமல் அதன் குறுக்கே துண்டு துண்டாக நிற்கிறது. விரலால் தட்டினாலே உடையும். படுக்கைக் கோடுகளுக்கு நடுவே அதே தடிமன் மரம் உறுதியாக நிற்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

என் கணக்கு இது: செங்குத்துச் சுவரின் மேல் தடிமன் பக்கத்துப் பள்ளத்தின் ஆழத்தைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் எழுத்துருவை மாற்றுங்கள், இல்லையென்றால் ஆழத்தைக் குறையுங்கள்.

டவ்டெயில் பிட்டில் இந்தக் கணக்கும் போதாது. அடியில் அகலம், வாயில் குறுகல் என்பதால் சுவர் தன் காலடியிலேயே அரிக்கப்படுகிறது. 14 டிகிரி, 12.7 மி.மீ. பிட் 6 மி.மீ. ஆழத்தில் போனால் மேலே தெரியும் வாய் 9.7 மி.மீ., ஆனால் அடியில் 12.7. பக்கத்துக் கோட்டோடு இடைவெளியை அடி அகலத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், திரையில் தெரியும் கோட்டை வைத்து அல்ல. டவ்டெயில் கொடுக்கும் கருமையான நிழல் வெயில் படும் முகப்புப் பலகையில் மிக அழகு, வர்ணமே தேவைப்படாது. ஆனால் அது 'ட', 'ப', 'ம', 'ய' மாதிரி விசாலமான எழுத்துகளுக்கானது. 'ஸ்ரீ' வெட்டப் போகாதீர்கள்.

ரவுண்ட்ஓவரில் இரண்டு கோடு நெருங்கினால் நடுச்சுவரின் இரு தோளும் உருண்டு, உச்சி கத்திமுனை ஆகிவிடும். அது உடையாவிட்டாலும் உப்புத்தாள் பட்டதும் போகும்.

கருகல்

கருகலுக்கு எல்லோரும் பிட்டைக் குறை சொல்வார்கள். முதலில் ஒரு பல்லுக்கு எவ்வளவு மரம் கிடைக்கிறது என்று பாருங்கள். ஃபீடை (பிட் நகரும் வேகம்) ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வகுத்து, பல் எண்ணிக்கையாலும் வகுத்தால் போதும். 18,000 ஆர்பிஎம், இரண்டு பல், நிமிடத்துக்கு 600 மி.மீ. என்றால் பல்லுக்கு 0.017 மி.மீ. அது வெட்டு அல்ல, உரசல். 1,800 ஃபீட் கொடுத்தால் 0.05 ஆகும், தூள் மாவாக இல்லாமல் துருவலாக வரும்.

இங்கேதான் சுழி மறுபடியும் மாட்டிவிடுகிறது. நீங்கள் 2,000 ஃபீட் கொடுத்தாலும், 4 மி.மீ. ஆரம் உள்ள சுழியில் சிறிய மெஷின் அந்த வேகத்தை எட்டுவதே இல்லை, திருப்பத்துக்குத் திருப்பம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிட் மட்டும் 18,000-லேயே சுற்றும். நேர்க்கோடு சுத்தமாக இருந்து சுழி மட்டும் கருகினால் காரணம் இதுதான். ஃபீடை ஏற்றிப் பயனில்லை, ஆர்பிஎம்மைக் குறையுங்கள். 12,000-க்கு இறக்கிப் பாருங்கள். கை ரவுட்டரை ஸ்பிண்டிலாக மாட்டியிருப்பவர்களுக்கு அதன் டயலில் கீழ்ப்பக்க எண்கள் இருப்பதே இதற்குத்தான்.

பள்ளம் தொடங்கும் இடத்தில் மட்டும் கருப்பு வட்டம் என்றால் பிட்டின் அடியில் நடுவில் பல் இல்லை. கை ரவுட்டருக்கான பல நேர் பிட்டுகளும், பேரிங் கழற்றிய விளிம்பு பிட்டுகளும் அப்படித்தான். பக்கவாட்டில் வெட்டத் தெரியும், நேராக இறங்கத் தெரியாது. சாய்வாக இறங்கும் ராம்ப் நுழைவைப் போடுங்கள்.

உருண்டை முனை பிட்டான பால் நோஸில் அடி மட்டும் பளபளவென்று பழுப்பாக இருந்தால் அது வேறு. உருண்டையின் நடுப்புள்ளிக்குச் சுற்றுவேகமே கிடையாது, அது தேய்த்துக்கொண்டுதான் போகும். வர்ணம் அடிக்கப் போகிற எழுத்தென்றால் விட்டுவிடலாம்.

தூளைக் கீழே அழுத்தும் டவுன்கட் பிட் ஆழப் பள்ளத்தில் கருக்கும், தூளுக்கு வெளியேற வழியில்லை. பாஸை (ஒரு ஓட்டத்தில் எடுக்கும் ஆழத்தை) மெலிதாக்கி, வேக்குவம் குழாயைப் பக்கத்திலேயே பிடியுங்கள்.

எல்லாம் சரி, இருந்தும் கருகுகிறது என்றால் பிட்டில் பிசின் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்துக் காயவையுங்கள். அடுப்பு துடைக்கும் காரமான திரவங்களில் இரவு முழுக்க ஊறவைப்பது பிட்டின் கடினப் பல்லான கார்பைடுக்கு நல்லதல்ல. தேக்கில் சிலிக்கா உண்டு, ஹெச்எஸ்எஸ் எனும் எஃகு பிட் அதில் சீக்கிரம் மழுங்கும். அதில் கார்பைடு தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

பள்ளத்தின் அடியில் வரி, மேடு, படி

விரலால் தடவினால் சீப்பின் பல் மாதிரி வரி தட்டுகிறது, டேப்பர் பால் நோஸால் (கூம்பு உடலும் உருண்டை முனையும் உள்ள பிட்) உருண்டையாகச் செதுக்கிய எழுத்து என்றால், பாதைகளின் இடைவெளி அதிகம். முனை ஆரம் 0.5 மி.மீ. உள்ள பிட்டில் இடைவெளி 0.3 மி.மீ. என்றால் மேடு 0.02 மி.மீ.க்கு மேல் நிற்கும், கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். 0.1 ஆக்கினால் ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடும், நேரம் மூன்று மடங்கு. முகப்புப் பெயருக்கு 0.1, அடியில் வரும் கதவு எண்ணுக்கு 0.2 என்று பிரித்துக்கொள்ளலாம்.

தட்டை அடி பிட்டில் பாதைக்குப் பாதை படி தெரிந்தால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. படி எந்தத் திசையில் ஏறுகிறதோ அந்த அச்சில் சாய்வு. பிட்டை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், மவுண்ட்டைத் தளர்த்தி நேராக்குங்கள்.

ரவுண்ட்ஓவரில் அடியில் நடுவே தட்டையான சின்ன வாய்க்கால் வந்தால் அது கோளாறே அல்ல, பிட்டின் முனைத் தட்டை. பிடிக்கவில்லையென்றால் கடைசியாகக் குறுகிய வி-பிட்டால் அதே நடுக்கோட்டில் ஒரு ஓட்டம் விடலாம். நான் அதை விட்டுவைப்பேன். தங்க வர்ணம் அந்த வாய்க்காலில் போய் உட்காரும்போது எழுத்துக்கு நடுநரம்பு ஓடியதுபோல் இருக்கும்.

ரவுண்ட்ஓவர், கோர் பாக்ஸ், டவ்டெயில் இவற்றை ஒற்றைக்கோட்டு எழுத்துகளுக்கு, ஒரே ஆழத்தில் ஓட்டுவதுதான் இயல்பு. வெளிக்கோடு உள்ள எழுத்துருவைக் கொடுத்து வி-கார்விங் (கோட்டின் அகலத்துக்கேற்ப ஆழத்தை மாற்றும்) கணக்கு போடச் சொன்னால், மென்பொருள் நேர்ச் சுவர் உள்ள கூம்பை நினைத்துக்கொண்டு ஆழம் போடும். அகலங்கள் மேலே சொன்ன கணக்கில் கண்டபடி தப்பும். தமிழில் ஒற்றைக்கோட்டு எழுத்துரு சுலபத்தில் கிடைக்காது. பிடித்த எழுத்துருவைப் பின்னால் வைத்து, நடுக்கோட்டை நாமே வரைந்துகொள்வதுதான் வழி. அரை நாள் வேலை, ஆனால் பிறகு ஆயுசுக்கும் நம்முடையது.

எழுத்துக்குள் குறுக்கே பள்ளம். கொம்பும் காலும் இடம் மாறின

இது பிட் பக்கமே இல்லை. சில சிஎன்சி மென்பொருள்களுக்குத் தமிழை அடுக்கத் தெரியாது, 'கெ' கேட்டால் கொம்பைப் பின்னால் போடும், 'கொ' கேட்டால் உடைத்துப் போடும். இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோங்கள். 'கி', 'டு' போன்றவற்றில் கொக்கியும் எழுத்தும் தனித்தனி வளைவுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், அந்த இடத்தில் பிட் குறுக்கே ஒரு தேவையில்லாத பள்ளம் போடும். 'யூனியன்' கொடுத்து ஒன்றாக்கினால் தீர்ந்தது. யூனியனுக்குப் பிறகு சுழியின் உள்வெளி அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிட் உடைகிறது

எப்போது உடைகிறது என்பதுதான் கேள்வி.

மரத்தை விட்டு மேலே வரும்போது உடைந்தால் அது கீஹோல், டி-ஸ்லாட் அல்லது டவ்டெயில். அடி அகலமாக இருப்பதால் இவை நுழைந்த வழியாகத்தான் வெளியே வர முடியும். பெரும்பாலான மென்பொருள்கள் வெட்டு முடிந்ததும் பிட்டை நேராக மேலே தூக்கும், கோட்டின் நடுவில் தூக்கினால் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும் அல்லது கழுத்து முறியும். பாதையின் கடைசிப் புள்ளியை நுழைவுத் துளைக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். எழுத்தின் கோடு தொடங்கும் முனையில், பிட்டின் விட்டத்தைவிட அரை மி.மீ. பெரிய துளை போட்டால் அது எழுத்தின் உருண்டை முனையாகவே தெரியும், அசிங்கமாக இருக்காது.

பாதி வழியில் உடைந்தால், அதுவும் டவ்டெயில் என்றால், முழு ஆழத்தையும் ஒரே பாஸில் எடுத்திருக்கிறீர்கள். இந்த பிட்டில் படிப்படியாக இறங்கவும் முடியாது, மேலே வாய் பெரிதாகிவிடும். அதனால் முதலில் வாய் அகலத்தைவிடக் குறுகிய நேர் பிட்டால் நடுவைக் காலி செய்துவிட்டு, பக்கச் சுவர்களை மட்டும் டவ்டெயிலுக்கு விடுங்கள்.

டேப்பர் பால் நோஸ் நுனி மட்டும் உடைந்தால், பெரிய பிட் காலி செய்யாமல் விட்ட மூலையில் நேராக மோதியிருக்கும். கடின மரமான வேங்கையில் இது அடிக்கடி நடக்கும். முதலில் 3 மி.மீ. பிட்டால் காலி செய்து, கால் மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து, அதன்பின் நுனி பிட்டை இறக்குங்கள்.

தொடங்கிய உடனே உடைந்தால், பிட்டின் தண்டைக் கவ்வும் கொலெட்டைப் பாருங்கள். 3.175 மி.மீ. தண்டை 3 மி.மீ. கொலெட்டில் திணிப்பது, 6 மி.மீ. தண்டை 6.35 கொலெட்டில் இறுக்குவது, இரண்டும் நடக்கிறது. பல் மருத்துவ பர்களில் நேர்க்கைக் கருவிக்கானவற்றின் தண்டு 2.35 மி.மீ., அதிவேகக் கருவிக்கானவற்றின் தண்டு 1.6 மி.மீ. முன்னதை 2.5 மி.மீ. ஈஆர் வகைக் கொலெட் பிடிக்கும். பின்னதைச் சிஎன்சிக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

சத்தம் மாறுகிறது, சுவரில் அலை அலையாகத் தெரிகிறது

ஈஆர் கொலெட்டை முதலில் நட்டுக்குள் 'டக்' என்று மாட்டி, பிறகு ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். கொலெட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு நட்டை மூடினால் பிட் மையம் தப்பிச் சுற்றும். 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலே இரண்டு பல் பிட்டில் ஒரு பல்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் பல்லுக்குக் கிடைக்கும் மரமே அவ்வளவுதான்.

கதவு பேனலுக்கான பெரிய பிட்டுகளால் எழுத்து ஓரத்தை வளைக்க ஆசைப்படுபவர்களுக்கு: 50 மி.மீ. விட்டம் 24,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் ஓரம் நொடிக்கு 60 மீட்டரைத் தாண்டிப் போகும். பிட்டில் அச்சிட்ட உச்ச ஆர்பிஎம்மை மீறக் கூடாது. சிறிய அலுமினிய மெஷினில் அந்த பிட்டை மாட்டவே கூடாது. சட்டம் தாங்காது, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

மெய்யெழுத்தின் புள்ளி முட்டையாக வருகிறது

புள்ளியை வட்டப் பாதையாக வெட்டியிருந்தால் மெஷினின் தளர்ச்சி இது. 20 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டி எக்ஸ், ஒய், இரண்டு மூலைவிட்டம் என நான்கு பக்கமும் அளங்கள். எக்ஸும் ஒய்யும் ஒத்துப்போகவில்லையென்றால் ஏதோ ஓர் அச்சில் தளர்ச்சி. மூலைவிட்டங்கள் ஒத்துப்போகவில்லையென்றால் சட்டம் சதுரமாக இல்லை.

பிட்டை நேராக இறக்கி எடுத்த புள்ளியே முட்டை என்றால், மெல்லிய பிட் கடினமான வரியில் வழுக்கி மென்மையான பக்கம் சாய்ந்திருக்கிறது. மெதுவாக இறக்குங்கள், பிட்டைக் கொலெட்டுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே தள்ளிப் பிடியுங்கள்.

எழுத்தை வி-பிட்டில் வெட்டினாலும் புள்ளியை மட்டும் கோர் பாக்ஸால் குழியாக எடுத்துப் பாருங்கள். கூம்புப் புள்ளியைவிட உருண்டைக் குழி வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும், தூரத்திலிருந்தும் 'ம்', 'ன்' தெளிவாகப் படிக்க வரும்.

வர்ணம் விளிம்பைத் தாண்டி நாருக்குள் ஊறுகிறது

பிட்டின் பிசிர் கடைசியில் இங்கேதான் கணக்குத் தீர்க்கும். செதுக்குவதற்கு முன்பே ஸ்டிக்கர் ஷீட்டைப் பலகையில் அழுத்தி ஒட்டி, அதையும் சேர்த்தே வெட்டுங்கள். ரவுண்ட்ஓவரில் மட்டும் இது உதவாது, உருண்ட தோளில் ஷீட்டின் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த எழுத்துக்கு முதலில் முழுக்க வர்ணம் அடித்து, காய்ந்தபின் மேற்பரப்பை உப்புத்தாளால் இழைத்து எடுப்பதுதான் சரி. ஸ்டிக்கர் ஒட்டிய பள்ளத்தில் பிசிரை நைலான் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சாண்டிங் சீலரை ஒரு மெல்லிய கோட் விட்டு, காய்ந்தபின் வர்ணம் கொடுங்கள். தேக்குப் பள்ளத்தில் எபாக்ஸி ஊற்றுவதாக இருந்தால் அதற்கு முன் அசிட்டோன் தொட்ட துணியால் உட்சுவரைத் துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ப்பசை போகாவிட்டால் எபாக்ஸி சில மாதத்தில் ஓரத்தில் விடுபட்டு நிற்கும். துடைத்ததும் நேரம் கடத்தாமல் ஊற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.